வென்றவன் கட்டிய கோட்டை

வேல்ஸ் ஒரு சின்னஞ்சிறு தேசம். அதன் பரப்பு சுமார் 8,000 சதுர மைல். மேற்கே கடல், நடுவே மலை, மலைமேல் ஆடு, ஆட்டின்மேல் மழை. அவ்வளவுதான் அந்நாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சிறு நிலத்திற்குள் 600-க்கு மேற்பட்ட கோட்டைகள் இருப்பதாக அந்நாட்டார் கணக்குச் சொல்லுகிறார்கள். கேட்டவுடனே, "ஆகா! எவ்வளவு செல்வமும் சீருமாய் இருந்த ராஜ்யம்!" என்று தோன்றும். சற்று யோசித்தால் விஷயம் வேறு. ஒரு வீட்டிற்கு ஒன்பது பூட்டுப் போட்டிருந்தால் வீட்டுக்காரன் பணக்காரன் என்று மட்டுமா அர்த்தம்? தெருவைக் கண்டு அவன் நடுங்குகிறான் என்றும் அர்த்தமல்லவா?

சென்ற கோடையில் இந்நாட்டின் வட பாகத்தில் நாங்கள் குடும்ப சகிதமாய் நான்கு நாள் சுற்றினோம். எங்கள் தம்பி லிவர்பூலில் வைத்தியனாயிருக்கிறான். அங்கிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரத்திற்குள் முதல் கோட்டையை அடைந்துவிடலாம். கோஷ்டியில் எங்கள் தாயார் (வயது 72), ஒன்பதாம் வகுப்பு வாசிக்கும் எங்கள் பெரியவன், நாலாம் வகுப்புச் சின்னவள், தம்பியின் மகள் (வயது 11) எல்லாரும் உண்டு. தம்பியின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரஜா கிடைக்கவில்லை.

தம்பி மகளைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழ் காதில் விழுந்தால் அவளுக்குப் பாதி புரியும், நாவில் வராது. எங்கள் தாயாருக்கோ இங்கிலீஷில் 'தாங்க்யூ'வும் 'ஸ்டேஷ'னும் மாத்திரம் தெரியும். ஆறு வருஷத்திற்குப் பிறகு சந்தித்த பாட்டியும் பேத்தியும் ஒரு வார காலம் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். புன்னகை நல்ல பாஷைதான். ஆனால் அதில் கதை சொல்ல முடியாது. "குழந்தை தங்கம். ஆனால் விருந்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாளே!" என்று தாயார் ஓர் இரவு சொன்னார். வந்திருப்பது தாம்தான் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

நாங்கள் முதலில் பார்த்தது கான்வி. ஆறு கடலோடு கலக்கும் துறையில், பாறையின் மேல், எட்டுப் பெரிய கோபுரங்கள் மேகத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. கோட்டையிலிருந்து புறப்படும் நகர மதில் முக்கால் மைலுக்கு மேல் ஓடி ஊரையே வளைத்துக்கொள்கிறது. அந்த மதிலில் மட்டும் 21 கோபுரங்கள். இத்தனையும் 1283-ஆம் வருஷம் தொடங்கி 1287-க்குள் முடிந்துவிட்டது என்றால் நம்புவது கஷ்டம். நம்மூரில் வாய்க்காலுக்கு ஒரு பாலம் கட்ட எத்தனை வருஷம் ஆகிறது என்று நேயர்களுக்குத் தெரியும். எங்கள் பெரியவன் வாயைப் பிளந்தபடி அம்பு எய்யும் பிளவுகளுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தான். "என்ன மூளை, அப்பா! என்ன மூளை!" என்றான்.

மூளைக்குக் குறைவில்லைதான். கட்டிடங்களின் தலைமைச் சிற்பி ஸவாய் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட ஜேம்ஸ் என்பவன். கட்டச் சொன்னவன் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னன். வேல்ஸின் சுதேச அரசனாகிய லுவெலின் 1282-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி போரில் மாண்டான். அவனுடைய தலையை லண்டனுக்கு அனுப்பிக் கோபுரத்தில் குத்தி வைத்தார்கள். அவன் தம்பி தாவிதை மறு வருஷம் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதன் பிறகு எழுந்தவை இந்தக் கோட்டைகள். 1277-லிருந்து 1304 வரையில் வேல்ஸ் கோட்டைகளுக்காக எட்வர்ட் செலவழித்தது சுமார் 80,000 பவுன் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாளில் அது ஓர் அரசையே கவிழ்க்கக் கூடிய தொகை. அவனது யுத்தங்களுக்கு இத்தாலியின் லூக்கா நகரத்து லேவாதேவிக்காரர்கள் கடன் கொடுத்தார்கள். வேலைக்கு ஆட்களையோ இங்கிலாந்தின் ஜில்லாக்களிலிருந்து கட்டாயமாய்த் திரட்டினார்கள்.

கான்வியில் கோட்டை எழுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு துறவிகள் மடம் இருந்தது. 1240-இல் காலமான முதிய லுவெலின், அதாவது மாண்ட அரசனின் பாட்டனார், அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்ட் மடத்தை ஆற்றின் மேல்பக்கம் ஏழெட்டு மைல் தூரத்திற்கு அப்புறப்படுத்திவிட்டு, பாட்டன் படுத்திருந்த மண்ணில் தன் நகரத்தை அமைத்தான். மதிலுக்குள் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கே மனை. மண்ணுக்கு உடையவர்கள் மதிலுக்கு வெளியே. இதையெல்லாம் நாங்கள் சொன்னபோது பெரியவன் பிளவிலிருந்து தலையை வெளியே எடுத்தான். "அப்படியானால் இந்தப் பிளவு யாரை நோக்கி இருக்கிறது?" என்று கேட்டான். கேள்விக்கு விடை அவனுக்கே தெரிந்துதான் இருந்தது. ஊரை நோக்கியும் இருந்தது; மலையை நோக்கியும் இருந்தது.

கோட்டை வாயிலில் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் 'கடூ' என்று ஒரு பெயர்ப் பலகை. எங்கள் தாயார் காதில் அது 'காடு' என்று விழுந்தது. "கோட்டையைப் போய்க் காடு என்கிறார்களே!" என்று சிரித்தார். விசாரித்ததில் அது வேல்ஷ் பாஷை. காத்தல், பேணுதல் என்று பொருள். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்க 1984-இல் ஏற்பட்ட வேல்ஸ் சர்க்கார் இலாகாவின் பெயர் அது. 1284-இல்தான் எட்வர்ட் ஒரு சட்டம் செய்து தான் வென்ற நாட்டைத் தன் ஆட்சிக்குள் கட்டிப்போட்டான். சரியாக எழுநூறு வருஷம் கழித்து, அவன் கோட்டைச் சாவி வேல்ஷ் பெயர் கொண்ட இலாகாவின் இடுப்பில் ஏறியிருக்கிறது! உள்ளே ஒவ்வொரு பலகையிலும் வேல்ஷ் மொழி முதலில், இங்கிலீஷ் அடுத்ததாக. சாலையில்கூட 'மெதுவாகப் போ' என்பதற்கு 'அராவ்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. சின்னவள் நாள் முழுவதும் எங்களைப் பார்த்து 'அராவ், அராவ்' என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போமாரிஸ். ஆங்கில்ஸி தீவில், சமதரையில், அகழி சூழ்ந்து, படி ஏறும் தொல்லையில்லாத கோட்டை. ஆகையால் எங்கள் தாயாருக்கு மிகவும் பிடித்த கோட்டை. அகழியில் அன்னங்கள் வேறு மிதந்தன. மதிலுக்குள் மதிலாக, ஒரு பக்கம் போலவே மறுபக்கமும், கோலம் போட்ட மாதிரி அமைந்த இந்தக் கோட்டை முற்றுப் பெறவேயில்லை. 1295-இல் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் 400 கல்தச்சர்களும், 2,000 கூலியாட்களும், கல் உடைப்பவர் 200 பேரும் வேலையில் இருப்பதாகவும், கூலி கொடுக்கப் பணம் அனுப்ப வேண்டுமென்றும் ஜேம்ஸ் சிற்பி கடிதம் எழுதினான். பணம் ஸ்காட்லாந்து யுத்தத்தில் கரைந்துகொண்டிருந்தது. கோபுரங்கள் பாதி உயரத்தில் நின்றுபோயின.

ஆனால் ஒரு காரியம் மட்டும் பாதியில் நிற்காமல் பூரணமாக முடிந்தது. கோட்டைக்குப் பக்கத்தில் லான்வாஸ் என்று ஓர் ஊர் இருந்தது. வேல்ஷ் அரசர்களின் வியாபாரத் துறைமுகம். புது நகரத்திற்குப் போட்டியாக அது இருக்கக் கூடாதென்று அங்கிருந்த குடிகளைக் கிளப்பித் தீவின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் புது ஊருக்கு 'நியூபரோ', அதாவது 'புதூர்', என்றே பெயர் சூட்டினார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான். நம் நாட்டிலும் புதூர் என்ற பெயரில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. பழைய ஊர் எது, ஏன் விட்டு வந்தார்கள் என்று யார் விசாரிக்கிறார்கள்?

கார்நார்வனைப் பற்றி நிரம்பச் சொல்லலாம். மற்றக் கோட்டைகள் பயமுறுத்துவதற்காகக் கட்டியவை. இது மயக்குவதற்காகவும் கட்டியது. கோபுரங்கள் வட்டமாயில்லாமல் பட்டை பட்டையாய் இருக்கின்றன. சுவரில் இடையிடையே நிறம் வேறான கற்களை வரிசையாய் வைத்திருக்கிறார்கள். கான்ஸ்டாண்டிநோபிள் மதிலைப் போல இருக்க வேண்டுமென்று அப்படிச் செய்ததாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவன் கனவில் ஓர் அழகியைக் கண்டு, அவளைத் தேடி ஆற்று முகத்திலுள்ள ஒரு மகத்தான கோட்டைக்கு வந்து சேர்ந்தான் என்று வேல்ஷ் ஜனங்களின் பழங்கதை ஒன்று கூறுகிறது. கதையில் வரும் இடம் இந்த ஊர்தான். எட்வர்ட் நிலத்தைக் கைப்பற்றியதோடு நிற்கவில்லை. அந்த ஜனங்கள் கண்ட கனவையும் கைப்பற்றித் தன் பேருக்குக் கல்லில் கட்டிவிட்டான்.

இங்கே இன்னொரு கதையையும் வழிகாட்டிகள் சொல்லுவார்கள். "இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத இளவரசனை உங்களுக்குத் தருகிறேன்" என்று எட்வர்ட் வேல்ஷ் தலைவர்களுக்கு வாக்களித்து, பிறந்த சிசுவைத் தூக்கிக் காட்டினானாம்! எங்கள் தாயாருக்கு இது பரம சந்தோஷத்தை அளித்தது. "பிறந்த குழந்தைக்கு இங்கிலீஷ் மட்டுமா தெரியாது? எதுவுமே தெரியாதே!" என்றார். கதை கட்டுக்கதைதான். குழந்தை 1284 ஏப்ரல் 25-ந் தேதி இந்த ஊரில் பிறந்தது வாஸ்தவம். ஆனால் அப்போது அவனுக்கு மூத்தவன் ஒருவன் உயிரோடு இருந்தான். வேல்ஸ் இளவரசன் என்ற பட்டம் 1301-இல்தான் கொடுக்கப்பட்டது. எனினும் அந்தப் பட்டம் இன்றுவரை இங்கிலாந்தின் பட்டத்து வாரிசுக்கு வழங்கி வருகிறது. 1911-லும் 1969-லும் பட்டம் சூட்டும் வைபவம் இந்தக் கோட்டைக்குள்ளேயே நடந்தது. இரண்டாம் தடவை வேல்ஷ் தேசபக்தர்கள் பலர் வெளியே நின்று எதிர்ப்புக் கூச்சலிட்டார்கள். வெற்றி விழாவைத் தோற்றவன் முற்றத்திலேயே நடத்தினால் எல்லாருமா கை தட்டுவார்கள்?

கோட்டைக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்து மேஜையில் ஒரு கிழவி அம்மாளும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை ஏதோ கேட்டது, கிழவி மறுத்தாள், குழந்தை வாதாடியது, கிழவி தோற்றுப் போய்க் கேக்கில் பாதியைக் கொடுத்தாள். எங்கள் தாயார் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பேசிக்கொள்கிறார்கள்?" என்று தம்பியைக் கேட்டார்.

"எனக்கும் தெரியாது, அம்மா. அது இங்கிலீஷ் இல்லை. இந்த ஊர்ப் பாஷை."

"இங்கிலீஷ்காரன் கோட்டை வாசலிலா?"

கடைக்கார அம்மாளை விசாரித்தோம். அவளுக்கு ஒரே உற்சாகம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சிறு குழந்தைகளுக்கு எல்லாம் வேல்ஷிலேயே சொல்லிக் கொடுக்கிறார்களாம். இங்கிலீஷ் பாடம் ஏழு வயதுக்கு மேல்தானாம். அவளுடைய கொள்ளுப் பாட்டி காலத்தில் இப்படியில்லை என்றும் சொன்னாள். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், வேல்ஸின் பல பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அந்தக் குழந்தை வேறொரு குழந்தை வேல்ஷ் பேசுவதைக் கண்டுபிடித்தால் மரத்துண்டு அதன் கழுத்துக்கு மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. கோட்டைகளால் செய்ய முடியாததை அந்தச் சிறு மரத்துண்டு ஏறக்குறையச் செய்துவிட்டது. 1901-இல் வேல்ஸ் ஜனங்களில் பாதிப் பேர் வேல்ஷ் பேசினார்கள். 2021-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 17.8 பேர். கோட்டைகள் நெருங்கி நிற்கும் இந்த க்வினெத் ஜில்லாவில் மட்டும் நூற்றுக்கு 64 பேர். 2011-இல் அம்மொழிக்குச் சட்டப்படி ராஜ்ய மொழி என்ற ஸ்தானம் கிடைத்தது.

மரத்துண்டுக் கதையை இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மகள் வெகு நேரம் பேசவில்லை. தன் கழுத்தில் ஒருவரும் ஒன்றும் கட்டவில்லையே என்று எண்ணினாளோ, என்னவோ, நமக்குத் தெரியாது. மோட்டாரில் ஏறியதும் பாட்டியின் பக்கம் திரும்பி, வெளியே கோபுரத்தைச் சுட்டிக் காட்டி, "பாட்டி, இது?" என்றாள்.

"கோட்டை" என்றார் தாயார்.

"கோட்டே."

"டே இல்லை, டை."

அதன் பிறகு வழியெல்லாம் மதில், அகழி, படி, ஆடு, மழை என்று அங்காடி விரிந்துவிட்டது. 'ழ'கரத்தில் மட்டும் வண்டி நின்றுபோயிற்று. தம்பி கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினான், ஒன்றும் சொல்லவில்லை.

வழியில் டோல்பாடர்ன் என்னுமிடத்தில் அரை மணி தங்கினோம். ஏரிக்கரைக் குன்றின்மேல் ஒற்றை வட்டக் கோபுரம். 50 அடி உயரம் இருக்கும். சீட்டுக் கிடையாது, கூட்டம் கிடையாது. இது எட்வர்ட் கட்டியதல்ல. பாட்டன் லுவெலின் கட்டியது. பிடிபட்ட பிறகு இதிலிருந்த மரங்களைப் பெயர்த்துக் கார்நார்வன் கோட்டை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார்நார்வனுக்கு உலகமெல்லாம் வருகிறது. இங்கே நாங்களும் இரண்டு ஆடுகளுந்தான். பெரியவன் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இது சின்னதாயிருக்கிறது. ஆனால் இதுதான் அவர்களுடையது" என்றான்.

ஹார்லெக் கோட்டையின் அழகை எழுத்தில் காட்டுவது சிரமம். செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோட்டை, பின்னால் ஸ்நோடன் மலைத்தொடர். முன்னொரு காலத்தில் பாறை அடிவாரத்தில் கடல் இருந்தது. முற்றுகைக் காலத்தில் கப்பலில் உணவு வரும். கடலோரத்திலிருந்து மேலே ஏற 108 படிகள். எண்ணிக்கையைக் கேட்டதும் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நூற்றெட்டுத் திருப்பதி ஞாபகம்! பேத்தியை 'நூற்றெட்டு' என்று நாலைந்து தடவை சொல்லச் சொன்னார். இப்போது கடல் பின்வாங்கிப் போய்விட்டது. படிகளின் கீழே புல்லும் மணலுந்தான் தெரிகிறது.

இந்தக் கோட்டையை 1404-இல் ஒரு வேல்ஷ்காரன் பிடித்தான். அவன் பெயர் ஓவைன் க்ளிண்டூர். ஆங்கில ஆட்சிக்கு விரோதமாய்க் கிளம்பிய அவன், எட்வர்ட் கட்டிய கோட்டையிலேயே தன் குடும்பத்தை வைத்து, தன் நாட்டுப் பிரதிநிதிகளைக் கூட்டிச் சபை நடத்தினான். 1406-இல் பிரெஞ்சு மன்னனுக்கு அவன் எழுதிய கடிதத்தில் வேல்ஸுக்கு இரண்டு சர்வகலாசாலைகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். யுத்த மத்தியில் சர்வகலாசாலையை நினைத்த மனிதன்! 1409-இல் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவன் மனைவியையும் பெண்களையும் பேரக் குழந்தைகளையும் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. அவன் மட்டும் பிடிபடவேயில்லை. எங்கே இறந்தான், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை நிச்சயமில்லை. காட்டிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அவன் கனவு கண்ட சர்வகலாசாலைக்கு அடிப்படையான கல்லூரி அபரிஸ்ட்வித் நகரில் 1872-இல் திறக்கப்பட்டது.

கடைசி நாள் திரும்பும் வழியில் போவிஸ் கோட்டை. இதைக் கட்டியவன் க்ரிபித் என்ற வேல்ஷ் பிரபு. லுவெலினைக் கொல்லச் சதி செய்து, அது வெளிப்பட்டதும் 1274-இல் ஆங்கிலேயரிடம் ஓடி, பிறகு அவர்கள் தயவில் தன் நிலத்தைத் திரும்பப் பெற்றவன். லுவெலினின் கோட்டைகள் சிதிலமாய் நிற்கின்றன. எட்வர்ட் கட்டியவற்றிலும் கூரையில்லை. க்ரிபித்தின் கோட்டைக்கு மட்டும் கூரை உண்டு, கம்பளம் உண்டு, அடுக்கடுக்கான பூந்தோட்டம் உண்டு. எழுநூறு வருஷத்திற்கு மேலாகச் சுகமாய்க் குடியிருந்த கோட்டை இது!

இங்கே நாங்கள் வந்ததற்குக் காரணம் வேறு. ராபர்ட் கிளைவ் 1744-இல் சென்னைப் பட்டினத்தில் குமாஸ்தாவாய் வந்து இறங்கியது எல்லாருக்கும் தெரியும். அவன் மகன் எட்வர்ட் கிளைவ் இந்தப் போவிஸ் குடும்பத்துப் பெண்ணை 1784-இல் மணந்தான். 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னராய்ப் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தான். அந்தக் கோட்டையில் இப்போது நம்முடைய சட்டசபை கூடுகிறது. அவன் கவர்னராயிருந்த காலத்தில்தான், 1799 மே 4-ந் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் மாண்டான். பின்னால் கிளைவ் குடும்பத்தோடு கப்பலேறி வந்த சாமான்கள் இங்கே ஒரு கூடத்தில் இருக்கின்றன. இந்தியப் பொருள்கள் 300-க்கு மேல். சிங்காதனத்தை அலங்கரித்த பொற்புலித் தலை ஒன்று, ரத்தினக் கண்ணும் பல்லுமாய், கண்ணாடிப் பெட்டிக்குள் உறுமுகிறது. திப்புவின் கூடாரமும் அங்கேயே. பூவும் கொடியும் அச்சிட்ட அருமையான பருத்தித் துணி. வெகு காலம் அதைத் தோட்டத்தில் விரித்து விருந்து நடத்தியிருக்கிறார்கள்.

தாயார் கூடாரத்தின் முன்னால் நின்றார். சாயம் வெளுக்காமல் இருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகையில் என்ன எழுதியிருக்கிறது? நீ சொல்லு" என்றார். எங்களைக் கேட்கவில்லை.

அவள் வாசித்தாள். நாலு நாளில் சேர்த்த வார்த்தைகளையெல்லாம் மனத்திற்குள் கொட்டித் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"ராஜா... வீடு. துணி வீடு" என்றாள். "அவர்கள் எடுத்து... எடுத்து வந்தார்கள், பாட்டி."

"கேட்டு எடுத்தார்களாமா?"

குழந்தை மறுபடியும் பலகையின் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"இல்லை, பாட்டி" என்றாள்.